மொட்டைத் தலைப் பறவைக்கு நான் சொன்ன பதில்

நவம்பர் 19, புதன்

இல்லை, நீயே சொல்லு ரஹீமா மதினி, பறவையைப் பார்ப்பதற்கென்று லீவு போட்டு, காசு கட்டி, விமானம் ஏறி யாராவது வருவார்களா? வருகிறார்களாம். அதுவும் மொராக்கோ என்ற நாட்டுக்கு. அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், இது இன்ன பறவை, அது இன்ன குரங்கு என்று காட்டுகிற வேலைக்கு உன் மகளைக் கேட்டிருக்கிறார்கள்.

நீ மௌத்தாகி ஒன்பது வருஷம். இருந்திருந்தால் அடுப்படியில் உட்கார்ந்து உன்னிடம் பேசித் தீர்த்திருப்பேன். இப்போது இந்த நோட்டுதான். வேறு யாரிடமாவது சொன்னால் ரங்கூனில் நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும். என் வாயாலேயே தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

உன் மகள் மிஸ்பா முன்பு வெளிநாட்டுக்காரர்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வருவது நின்றுபோனது. மூன்று வருஷமாகக் கியாக்டடாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, மேல் வரிசை தெரிகிறதா, கீழ் வரிசை தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்போது வந்துபோன ஹாலந்து அம்மா ஒருத்தி, ஹன்னா என்று பேர், இப்போது மொராக்கோவில் இந்தப் பறவை பார்க்கிற லீவுகளை நடத்துகிறாளாம். ஆறு மாதத்துக்கு வா என்கிறாள். டிசம்பர் பத்துக்குள் பதில் வேண்டும்.

காக்கா, அதான் உன் புருஷன், என்ன சொன்னார் தெரியுமா? "பெத்தது நான், வளர்த்தது நீ. நீ சம்மதிச்சா போகட்டும் நபீஸா, இல்லேன்னா இல்லை." சொல்லிவிட்டுப் போட்டாதாங் கயிற்றுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். ஆண்களுக்கு இப்படி ஒரு வசதி.

வெள்ளைக்கார நாடாக இருந்தால் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இது ஐந்து வேளையும் பாங்கு கேட்கிற ஊர். கறி எல்லாம் ஹலால். எதைச் சொல்லி மறுப்பது?

நவம்பர் 20, வியாழன்

மொராக்கோ எங்கே என்று படத்தில் காட்டச் சொன்னேன். மக்காவையும் தாண்டி, நிலம் முடிந்து கடல் தொடங்குகிற இடம். அப்படியானால் அங்கே கிழக்கே பார்த்துத்தான் தொழ வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்றைக்குப் பறவை பார்க்கப் போனேன். நான்தான்.

"ஒரு நாள் என்கூட வந்து பாருங்க மாமி, அப்புறம் முடிவு சொல்லுங்க" என்றாள். போட்டாதாங் படகுத்துறையில் குளிர்காலத்துக்கு வருகிற கடல்காக்கைகளை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். கத்தும், தீனியைக் கொத்தும், தலையில் எச்சமிடும். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் போனேன்.

தீனி விற்கிற அம்மாவிடம் பர்மா பாஷையில் விலை பேசிக்கொண்டிருந்தபோது மிஸ்பா தன் பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். கண்ணில் வைத்தேன். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு ஒரு பறவையின் கண். மதினி, அது என்னையே பார்க்கிறது. காலெல்லாம் வெற்றிலை போட்ட மாதிரி சிவப்பு. இறகின் நுனியில் கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. இத்தனை வருஷம் அந்தப் பொட்டு எங்கே இருந்தது?

"எங்கேர்ந்து வருது இதெல்லாம்?"

"திபெத் பக்கத்து ஏரியிலேர்ந்து மாமி. இமயமலையைத் தாண்டி."

"யாரு வழி காட்டுறா?"

"யாரும் இல்லை."

"அதெப்படி யாரும் இல்லை. காட்டுறவன் காட்டுறான்" என்றேன். சிரித்தாள். நான் விடவில்லை. தூங்கும்போது எங்கே தூங்கும், குஞ்சு எங்கே பொரிக்கும், கிழடானால் என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கண்ணாடிக் கடையிலிருந்து வந்தால் பத்து வார்த்தை பேச மாட்டாள். இன்று அவள் பேசினாள், நான் கேட்டேன். தலைகீழ்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள். "என் வாப்பாவையே காக்கான்னு கூப்பிடுறீங்க, உங்களுக்குப் பறவைமேல என்ன கோபம் மாமி?"

"அண்ணனைக் காக்கான்னு கூப்பிடுறது நம்ம வழக்கம்டி. நான் என்ன, அவரு பறந்துடுவாருன்னா கூப்பிட்டேன்" என்றேன். பக்கத்து சீட்டு பர்மாக்காரி எங்கள் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்தாள், ஒன்றும் புரியாமலே.

நவம்பர் 26, புதன்

அரிசி டின் மூடியில் ஒரு படம் ஒட்டியிருக்கிறாள். உடம்பு முழுக்கக் கறுப்பு. தலை மட்டும் மொட்டை, சிவப்பாக, வெயிலில் உரிந்த மாதிரி. மூக்கு நீளமாக வளைந்து அரிவாள் போல. பிடரியில் மட்டும் கொஞ்சம் இறகு, சீவாத தலை மாதிரி. உலகத்தில் இந்தச் சாதிப் பறவை கூண்டுக்கு வெளியே மிச்சமிருப்பது அநேகமாக அந்த நாட்டில்தானாம். கடலோரப் பாறையில் கூடு கட்டுமாம். கிட்டே போகக் கூடாது, தூரத்திலிருந்துதான் காட்ட வேண்டுமாம். இதைப் பார்க்கத்தான் அத்தனை பேர் வருகிறார்களாம்.

"இந்த மொட்டையையா?"

"இந்த மொட்டையைத்தான்."

சோறு வடிக்கப் போகும்போதெல்லாம் அது என்னை முறைக்கிறது.

இன்னொன்றும் விசாரித்தேன். அங்கே மலைக்காட்டில் குரங்கு இருக்கிறது, அதற்கு வால் கிடையாது. தொழுகையில் நிறையப் பேர் கையைக் கட்டாமல் தொங்கவிட்டு நிற்பார்கள், அது அவர்கள் மத்ஹபின் வழக்கம். "நீ கட்டிக்கிட்டே தொழு" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் போகப் போகிறவள் மாதிரி அல்லவா பேசிவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

எந்தப் பக்கம் என்று தெரியாதபோது இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுது, அல்லாஹ்விடமே கேட்டுவிட்டுப் படுப்பதுதானே நம் வீட்டு வழக்கம். வெள்ளையோ பச்சையோ கனவில் வந்தால் நல்லது. கறுப்போ சிவப்போ வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். உன் கல்யாணத்துக்குக்கூட எங்கள் உம்மா தொழுதார்கள், பச்சைத் தாவணி கண்டார்கள்.

நேற்று நானும் தொழுதேன். வந்தது.

அந்த மொட்டைதான். நம் அடுப்படி ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. கறுப்பு உடம்பு, சிவப்புத் தலை. ஒன்று இல்லை, இரண்டும். அரிசி டின்னைத் திறந்து அரிவாள் மூக்கால் துழாவியது. நான் விரட்டுகிறேன், போக மாட்டேன் என்கிறது.

இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லுவான்?

நவம்பர் 29, சனி

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சரி மாமி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டிசம்பர் 3, புதன்

அழுதிருந்தால் பரவாயில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கா பேசத் தெரியாது. காலையில் எழுகிறாள், முகத்தில் தனக்காச் சாந்து பூசுகிறாள், டிபன் பாக்ஸை எடுக்கிறாள், போகிறாள். முன்பு சாயங்காலமானால் போனில் அந்த நாட்டுப் பறவைகளின் சத்தத்தை வைத்துப் பாடம் பண்ணுவாள். ஒன்று கதவு கிறீச்சிடுகிற மாதிரி, ஒன்று யாரோ விசிலடிக்கிற மாதிரி. இரையாதே, தொழுகை வக்துக்கு நேரமாச்சு என்று திட்டுவேன். இப்போது சத்தமே இல்லை. ரயில் போவது மட்டும் கேட்கிறது.

அரிசி டின் மூடியில் படம் இல்லை. பிசின் ஒட்டின நாலு மூலை மட்டும் இருக்கிறது.

கீழ்வீட்டு டோ கின் ஹ்த்வே கேட்டார், உங்கள் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று. நல்லாத்தான் இருக்கா என்றேன். நான் செஞ்சது சரிதானே மதினி? எனக்குக் கனவு வந்துச்சுல்ல? நானா வரவழைச்சேன்?

டிசம்பர் 5, வெள்ளி

மானம் போயிற்று. போனாலும் நல்லதற்குத்தான்.

பெண்களுக்கு மார்க்கம் சொல்கிற பயானுக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் ஹஸரத், இந்தப் பக்கம் நாற்பது பெண்கள். முடிந்ததும் சந்தேகம் கேட்கலாம் என்றார். எனக்கு ஒரு ஆறுதலுக்காக, நான் செய்தது சரி என்று அவர் வாயால் கேட்பதற்காக, எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேரைச் சொல்லவில்லை. ஆனால் மொராக்கோ, மொட்டைப் பறவை, அரிசி டின் எல்லாம் சொன்ன பிறகு பேர் எதற்கு?

ஹஸரத், "லாத்தா, கனவுக்கு முன்னாடி அந்தப் படம் உங்க வீட்டுல எத்தனை நாள் இருந்துச்சு?" என்றார்.

"ரெண்டு நாள்."

"தினம் எத்தனை தடவை பார்த்திருப்பீங்க?"

பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸமீரா, என் சிநேகிதி என்று சொல்லிக்கொள்கிறவள், அவள்தான் முதலில்.

"அந்த துஆவுல கனவுன்னு ஒரு சொல் இருக்கா லாத்தா? நல்லதா இருந்தா இலேசாக்கு, கெட்டதா இருந்தா திருப்பிவிடுன்னுதானே கேக்குறோம். வெள்ளை, பச்சை எல்லாம் நாமளா சேர்த்துக்கிட்டது. முடிவை மடியில வச்சிக்கிட்டுத் தொழுதா அது கேக்குறது இல்லை, கையெழுத்து வாங்குறது." அப்புறம் சொன்னார்: "யாரோட காரியமோ அவங்கதான் தொழணும். அந்தப் பிள்ளை தொழுதுச்சா?"

தெரியாது என்றேன். எனக்குத் தெரியவில்லை மதினி. கடல்காக்கை எங்கே தூங்கும் என்று கேட்டேன். இதைக் கேட்கவில்லை.

டிசம்பர் 6, சனி

நேற்று எழுதினதைப் படித்தேன். முடிவை மடியில் வைத்துக்கொண்டு என்று அந்த மனுஷன் எப்படிச் சொன்னார்? திரைக்கு அந்தப் பக்கம்தானே இருந்தார்.

உண்மையைச் சொல்றேன், உன்கிட்ட மட்டும். கறுப்பும் இல்லை, செவப்பும் இல்லை. எனக்குப் பயம். எனக்குன்னு பிள்ளையா குட்டியா? அவ போயிட்டா காக்காவும் நானும் ஆளுக்கொரு தட்டை வச்சிக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காரணும். தொழுகைக்கு முன்னாடியே எனக்கு வேண்டாம்தான். அதை அல்லாஹ் பேர்ல சொல்லிட்டேன். தவ்பா, தவ்பா.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இஸ்திகாரா தொழுதியா?"

"செப்டம்பர்ல ஹன்னா மொதல்ல கேட்டப்பவே மாமி. ஏழு நாள்."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலை. மனசு மாறலை, அவ்வளவுதான்."

"ஏன்டி சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

அவளுடைய தமீன் கைலி ஒன்றை எடுத்து நானும் மடித்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

"அந்த ஹாலந்து அம்மாவுக்குப் பதில் போட்டாச்சா?"

"வரலைன்னு எழுதி வச்சிருக்கேன். இன்னும் அனுப்பலை."

என்னென்னவோ சொல்ல நினைத்தேன். வந்தது இதுதான்: "அந்த ஊர்க் குளிருக்குக் கம்பளிக் காலுறை வேணுமா?"

மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"வேணும் மாமி. மலைப் பக்கம் பனி விழும்."

"எத்தனை ஜோடி?"

"நாலு."

"ஆறா வாங்கிக்குவோம்" என்றேன்.

அப்புறம்தான், டீ ஆற்றும்போது சொல்கிறாள், துருக்கியில் ஒரு ஊரில் அந்த மொட்டைப் பறவையை முன்னெல்லாம் மரியாதையாக வைத்திருந்தார்களாம். நூஹ் நபி கப்பலிலிருந்து விட்ட பறவை என்பார்களாம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் முன்னால் பறந்து வழி காட்டும் என்று அந்த ஊர் ஜனங்கள் நம்பினார்களாம்.

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே—"

"அதான் சொல்லலை. பறவைக்காகச் சம்மதிச்சீங்கன்னா, நாளைக்கு வேற பறவை கனவுல வந்தா நான் என்ன பண்றது?"

உன் மகள்தான். உன் நாக்கு.

டிசம்பர் 9, செவ்வாய்

வருகிறேன் என்று பதில் அனுப்பியாயிற்று. காக்கா சந்தையிலிருந்து கம்பளிக் காலுறை ஏழு ஜோடி வாங்கி வந்தார். ஒன்று எனக்காம். ரங்கூனில் நான் அதை எங்கே போட.

ஜனவரி 27, செவ்வாய்

சனிக்கிழமை காலை விமானத்தில் அனுப்பிவைத்தோம். பாங்காக், தோஹா, அப்புறம் காசபிளாங்கா. முதலில் சாமான் எடை கூடிப்போச்சு என்றார்கள். பெட்டியைத் திறந்து, நான் வைத்த மூன்று போத்தல் பலாச்சாங்கில் ஒன்றைக் காக்கா மடியில் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அதை வைத்தே இரண்டு வேளை சாப்பிட்டார். வறுத்த இறாலும் காரமும் அந்த நாட்டில் கிடைக்குமோ என்னவோ.

இன்று படம் அனுப்பியிருக்கிறாள். பாறை, கடல், ரொம்பத் தூரத்தில் கறுப்பாக ஏழெட்டுப் புள்ளி. அதுதானாம். பெரிசாக்கிப் பார்த்தேன், புள்ளி பெரிய புள்ளியானது. கூட வந்த ஒரு கிழவர் அதைப் பார்த்துவிட்டு அழுதாராம், முப்பது வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்டவராம். மொட்டையைப் பார்த்து அழுகிற மனுஷனும் உண்டு, சுப்ஹானல்லாஹ். அவர் எந்த ஊர், பெஞ்சாதி கூட வந்தாளா, பார்த்த பிறகு என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

விமான நிலையத்தில் நான் வாயை மூடவில்லை என்று காக்கா இன்னும் கேலி செய்கிறார். குரங்கு பக்கத்தில் இருக்கும்போது கையில் தின்பண்டம் வைக்காதே என்று சொன்னேன். பாறை ஓரத்தில் நின்று படம் எடுக்காதே என்றேன். பயணத்தில் சுருக்கித் தொழுகிற கஸ்ரு தொழுகை கணக்கைச் சொன்னேன். தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே, ஹன்னா அம்மாவுக்கு என் சலாம் சொல்லு, அவளுக்குச் சலாம் புரியாவிட்டால் சும்மா வணக்கம் சொல்லு என்றேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் கையால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சொன்னேன் மதினி. இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. போ என்று அவளிடம் நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.