படித்திருவிழா நோட்டீசின் பின்பக்கம்

திருத்தணி
12.11.2025

அன்புள்ள பேத்தி மோனிஷாவுக்கு ஆயா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே சுகம். புனேயில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் கதையைப் பரிசுக்கு அனுப்பப் போகிறாய் என்று நேற்று நைனா சொன்னான். அறிவியல் கற்பனைக் கதைகளுக்கென்றே கொடுக்கிற பரிசாமே. இந்த வருடம் முதன்முதலாக அச்சில் வந்த கதையாக இருக்க வேண்டும், அதற்கு முன் எங்கேயும் வந்திருக்கக் கூடாது, அப்படி உறுதி சொல்லி நீ கையெழுத்துப் போட வேண்டும் என்றான். "ஜனவரி பத்திரிகையிலதானம்மா வந்துச்சு, அதுக்கு இன்னா தடை" என்றான். நான் ஆங் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். போனில் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கதை அதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டது கண்ணு. போட்டவள் நான்.

போன வருடம் நவம்பரில், நான் படிப்பதற்கென்று பெரிய எழுத்தில் அனுப்பினாயே. லீப் வருடத்தில் மட்டும் நம் மலையில் முந்நூற்று அறுபத்தாறாவது படி ஒன்று முளைக்கிறது, அதில் நிற்கிறவர்களுக்கு அன்றைக்கு வயது ஏறுவதில்லை என்று. ஐந்தாவது வரை படித்த எனக்கே தடங்கல் இல்லாமல் ஓடியது. வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று சின்ன வயதிலிருந்து ஏறுகிறேன். லீப் வருடத்துக்கு ஒரு படி குறைகிறதே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. உனக்கு எப்படியம்மா தோன்றியது?

டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கு எங்கள் பஜனைக் குழு பாட்டு நோட்டீஸ் அடிக்குமே, அப்போதுதான் நடந்தது. கே.ஜி.கண்டிகை அச்சுக்கார எல்லப்பன், "பின்னாடி காலியா கீது ஆயா, எதனா விளம்பரம் புடிச்சிக் குடு" என்றான். அந்த வருடமே லீப் வருடம். உன் கதையைக் கொடுத்துவிட்டேன். பொடி எழுத்தில் முழுசும் அடங்கியது. கீழே உன் பெயர், அதற்கும் கீழே 'ரத்தினம்மாளின் பேத்தி' என்று போடச் சொன்னேன். முந்நூறு நோட்டீஸ்.

அன்று காலை மலையில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். படிக்கு ஒரு பாட்டு பாடி, சூடம் ஏற்றிப் போகிறோம். எங்கள் குழு ஜெயம்மா பாட்டை விட்டுவிட்டுப் படியை எண்ணிக்கொண்டு வருகிறாள். மேலே போனதும், "இன்னா ரத்தினம், ஒண்ணு குறையுது, உன் பேத்தி எங்க ஒளிச்சி வெச்சிக்கீறா" என்றாள். அம்மையார்குப்பத்து நெசவுக்கார அம்மா ஒருத்தி முட்டி வலியோடு ஏறி வந்தவள், கடைசிப் படியில் உட்கார்ந்து முழுக் கதையையும் படித்தாள். பிறகு எழுந்து, "நான் இங்கியே நின்னுக்கிறேன், இன்னிக்கு ஒரு நாளாவது வயசாவாம இருக்கட்டும்" என்று நின்றுவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் நாலைந்து பேரும் போய் அவள் பக்கத்தில் நின்றோம்.

உடனே உன்னிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். மறுநாளே பத்திரிகை வந்தது. முதன்முதலாக அச்சில் பார்க்கிறேன் ஆயா என்று நீ போனில் அழுதாய். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

"எல்லா நோட்டீசும் சுண்டல் மடிக்கப் போயிருக்கும், எவன் கண்டான், சும்மா இரு" என்கிறாள் ஜெயம்மா. ஒன்று என்னிடம் இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி தெளிவாக இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் இதைப் பரிசுக்காரர்களுக்கு அனுப்பி, இதுவும் முன்பே அச்சில் வந்த கணக்கில் சேருமா சேராதா என்று கேட்டுவிடு. சேர்ந்தால் பரிசு கைவிட்டுப் போகும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் ஆயா படிக்காதவள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று மட்டும் எழுதாதே. என் பேத்தி எழுதியதை நாலு பேர் படிக்க வேண்டும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அப்படியே எழுது.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். கதை எழுதினால் எனக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதே கண்ணு. முருகன் உன் கூடவே இருப்பான்.

உன் ஆயா
ரத்தினம்மாள்