கூடைக்குள் மஸ்கா

மே 7, புதன்

மஸ்காவை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டும். பக்கத்து ரூம் பேகத்திடம் விட்டுப்போகலாம் என்றால் அவள் மகளுக்குப் பூனை முடி ஆகாது, இளைப்பு வந்துவிடும்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மன் கொடைத் திருவிழா. இவர் வண்டி வாங்கியதிலிருந்து (மூன்று கை மாறிய வண்டி) தாராவியில் பார்ப்பவரிடமெல்லாம் "இந்த வாட்டி பை ரோடு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். மாமியார் இனி ஊரோடு இருக்கப் போகிறார். அவர் சாமான்களையும் ஏற்றுகிறோம்.

சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன், பூனையையும் கூட்டிப்போகலாமா என்று. சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். மஸ்கா அடுப்புப் பக்கம் வந்தாலே விளக்குமாற்றைத் தேடுகிற அத்தை, "வாயில்லாச் சீவன், அதுவும் வரட்டுமே" என்றார். இவரும் "அரே, வண்டியில எடமா இல்ல" என்றுவிட்டார். எனக்கு வாயெல்லாம் பல்.

மே 9, வெள்ளி

மாட்டுங்கா மார்க்கெட்டில் மூடி போட்ட பிரம்புக் கூடை வாங்கினேன். மஸ்கா உள்ளே போய் ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, கூடைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

செம்பூர்க் கண்ணாடிக் கடையில் முதலாளி அதீபா மேடம் மறுபடி கேட்டார். "ஜூன் ரெண்டு. வடாலா பிராஞ்ச் நீதான் திறக்கணும். பக்கா?" பக்கா என்றேன். பதினோரு வருஷம் மற்றவர்கள் மூக்கில் கண்ணாடியை மாட்டிக் கழற்றியவளுக்கு இப்போது ஒரு கடைச் சாவி. சிரிப்பு வருகிறது, பயமாகவும் இருக்கிறது.

மே 10, சனி. ஹூப்ளி லாட்ஜ்

லோனாவ்லா மலை ஏறும்வரை மஸ்கா ஒரே அலறல். இவர், "பூனை குறுக்க போனாத்தான ஆகாது, கூடவே வந்தா என்னவாம்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அத்தை ஜன்னலோரம். புதுச் சேலை. கல்யாணமான மூன்றாம் நாளே பம்பாய் ரயிலில் ஏற்றிவிட்டார்களாம், கல்யாண் ஸ்டேஷன் வரும்வரை அழுதாராம். இத்தனை வருஷத்தில் இன்றுதான் அதைச் சொல்லிக் கேட்கிறேன். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கோலாப்பூர் தாண்டியதும் மஸ்கா கத்துவதை நிறுத்திவிட்டது. "பாத்தியா, பழகிருச்சு" என்கிறார் இவர். மூடியைத் திறந்து பார்த்தேன். மூலையில் ஒடுங்கி, கண்ணை மூடாமல் இருக்கிறது. தண்ணீர் வைத்தேன், தொடவில்லை. பழகியதாக எனக்குத் தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

ஓடும் வண்டியிலேயே எழுதுகிறேன், ராத்திரிவரை பொறுக்க முடியாது.

சித்ரதுர்காவுக்கு முன்னால் ஒரு தாபாவில் சாப்பிட்டோம். கூடையை மேசைக்கடியில் வைத்திருந்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஊரு வீட்டுல எலி ஜாஸ்தி. இவன் இருந்தா ஒரு வருசத்துல ஒண்ணு மிஞ்சாது" என்றார்.

ஒரு வருஷமா?

அத்தை சட்டென்று தயிரைப் பார்த்துக்கொண்டார். இவர் பில் கொடுக்க எழுந்து போனார். பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"அம்மாவ ஒத்தையில விட முடியுமா? நீ கொஞ்ச நாள் கூட இரு. நான் மாசாமாசம் அனுப்புறேன்."

"கொஞ்ச நாளுன்னா?"

"பாக்கலாம். டென்ஷன் எடுக்காத."

கடை என்றேன். ஜூன் ரெண்டு என்றேன். "கண்ணாடிக் கடை திருநெல்வேலியில இல்லையா?" என்கிறார். அப்புறம் ஒன்று சொன்னார். எழுதவே கை கூசுகிறது. "உனக்கென்ன, புள்ளையா குட்டியா? ஒரு பூனை. அதையும்தான் கூட்டியாந்தாச்சே."

அதற்குத்தான் சரி என்றார்களா! அடப்பாவிகளா. பத்துப் பதினைந்து நாள் போய்வர யார் பூனையைத் தூக்குவார்கள்? நானாவது யோசித்திருக்க வேண்டாமா? நானே கேட்டு, நானே கூடை வாங்கி, நானே மூடி போட்டுக் கட்டி — முட்டாச் சிறுக்கி, முட்டாச் சிறுக்கி.

இவர் வண்டிக் கண்ணாடியில் பார்த்து, "என்ன எழுதுற, வாங்க வேண்டிய சாமானா?" என்றார். ஆமாம் என்றேன். இந்தி மீடியத்தில் படித்தவர். தமிழில் கடை போர்டையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இந்த நோட்டை எங்கே வைத்தாலும் பயமில்லை. அந்த ஒரு இடம்தான் எனக்கு.

மே 12, திங்கள். காலை, சேலம் தாண்டி

நாளை காலை ஊரில் கால் நாட்டு. கம்பத்தை ஊன்றிவிட்டால் கொடை முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அதற்குள் பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்டது இரண்டுவிட்டது எல்லாம் கூடிவிடும். எல்லோர் முன்னாலும் "மருமவ இருக்கப் போறா" என்று இவர் சொல்லுவார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். கடையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவள்தான் நான். ஆனாலும் அந்த முற்றத்தில் நின்று மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வரும் என்று சும்மா எழுதி என்ன பிரயோஜனம்?

சின்ன மாமியார் போனில், ஸ்பீக்கரில்: "மருமவளுக்கு அடுப்பு மொழுகி வச்சாச்சு." அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மஸ்கா இன்னும் எதையும் தொடவில்லை.

அதே நாள், மாலை. பாளையங்கோட்டை

இசக்கிசெல்வி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவள் என் சித்தி மகள். மஸ்கா இவள் கட்டிலுக்கடியில் கருவாட்டுத் தலையைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

கயத்தாறு தாண்டியதும் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. "அத்த, நான் வீட்டுக்குத் தூரமாயிட்டேன்." மாதவிலக்கோடு கொடை நேரத்தில் ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. அத்தை விஷயத்தில் அது கல்லில் வெட்டியது.

பொய். பச்சைப் பொய். அம்மன் காரியத்தில் பொய்.

அத்தை என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தது போல இருந்தது. பிறகு மகனிடம், "பாளையங்கோட்டைக்குத் திருப்புல. இவ எல்லைக்குள்ள வரக் கூடாது" என்றார்.

"யம்மா, இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்கா?"

"அம்மன் பாப்பா."

வீட்டு வாசலில் இவர், "சரி, பூனையாவது எங்ககூட வரட்டும்" என்றார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நின்றேன். அத்தைதான் கூடையை எடுத்து என் கையில் கொடுத்தார். "அத வச்சு நான் என்ன செய்ய? அவகூட கெடக்கட்டும்." எலித் தொல்லை என்று சொன்னவர்!

மூன்று நாள் கழித்து நான் தலைக்குக் குளித்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு இவர் போனார்.

மே 13, செவ்வாய்

கால் நாட்டியாகிவிட்டது. இனி கொடை முடியும்வரை இவர் வெளியூரில் ராத்தங்க முடியாது, நான் பம்பாய் திரும்பினாலும் பின்னால் வர முடியாது.

இசக்கிசெல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "அழுது முடிச்சிட்டியா? நாளைக்கு சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸு இருக்கு" என்றாள்.

மே 15, வியாழன். பெங்களூர் தாண்டி, பஸ்ஸில்

நேற்று ஏறும்போது கிளீனர் கூடையில் என்ன என்று கேட்டான். மாம்பழம் என்றேன். மாம்பழம் "மியாவ்" என்றது. அவன் என்னைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், "பழம் ஒழுகாம பாத்துக்கோங்கக்கா" என்று போய்விட்டான். நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

காலையில் இவருக்குப் போன் செய்து சொன்னேன். கத்தினார். "மானம் போச்சு" என்றார். "கொடை முடியட்டும், வந்து வச்சுக்கிறேன்" என்றார். கேட்டுக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடுதான் போய்க்கொண்டிருக்கிறேன்.

மே 16, வெள்ளி

தாராவி. நம் ரூம். கூடையைத் திறந்ததும் மஸ்கா நேராக அடுப்பு மேல் ஏறிப் படுத்துவிட்டது. விரட்ட ஆளில்லை.

மே 27, செவ்வாய்

இவர் வந்துவிட்டார். பேச்சு இல்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். கதவுப் பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மே 30, வெள்ளி

இன்னும் பேச்சு இல்லை. ஆனால் பாங்டா மீன் வாங்கி வந்தார். தலையை மஸ்காவுக்கு அவரே எடுத்துப் போட்டார்.

ஜூன் 2, திங்கள்

ஷட்டர் ரொம்ப கனம். இரண்டு கையாலும் தூக்கியும் பாதியில் நின்றுவிட்டது. டீக்கடைக்காரர் வந்து ஒரு தள்ளு தள்ளினார். வடாலா கடை திறந்தாயிற்று.

மத்தியானம் அத்தை போன் செய்தார். தங்கை மகள் வந்து கூட இருக்கிறாளாம். எலி குறையவில்லையாம். எனக்கு மனசு கேட்கவில்லை. "அத்த, அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"ஏட்டி, பத்து வருசமா ஒரே ரூம்புல கெடந்தவ நான். உன் நாளு எனக்குத் தெரியாதா?"

கடைக்கு வந்த ஆள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைய ரயில்ல ஏத்துனப்ப, இப்படி ஒரு பொய் எனக்குத் தோணலயே" என்றார் அத்தை. அப்புறம், "பூனை என்ன செய்யுது?" என்று கேட்டார்.

வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் என்றேன்.

"அடுப்பு மேலயா?"

ஆமாம் என்றேன்.