என் வயோலாத் தாளில் மூக்குக்கண்ணாடிகள்

புதன்கிழமை

அன்பு மகள் மார்லிஸுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் மார்ச் மாதத்துப் பனியைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே கடல் தாண்டி வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளை ஓவனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, நீதான் எதையும் முழுதாகச் சொல்வதில்லையே. ஞாயிறு தவறாமல் போன் செய்த பெண் செப்டம்பரோடு அதை நிறுத்திவிட்டுத் திடீரென்று கடிதம் எழுத ஆரம்பித்தால் பெற்றவள் என்ன நினைப்பாள்? நேர வித்தியாசம் என்கிறாய், பதினோரு வருஷமாக இல்லாத நேர வித்தியாசம் இப்போது எங்கிருந்து வந்தது? கரு கலைந்த செய்தியைக்கூட நீ என்னிடம் வாய் திறந்து சொல்லவில்லை, மூன்று பக்கம் எழுதி அஞ்சலில் போட்டாய், அது வந்து சேரப் பதின்மூன்று நாள் ஆயிற்று, அத்தனை நாளும் ஒன்றும் தெரியாமல் நான் இங்கே ஆப்பிள் பை சுட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓவன் உன்னைப் பேசவிடாமல் செய்கிறானா? ஆமாம் என்றால் அடுத்த கடிதத்தில் வானிலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே, நான் புரிந்துகொள்கிறேன்.

இங்கேயும் எனக்கு எதிராக என்னவோ நடக்கிறது. நம் ஓப்பரா கம்பெனிக்குப் புதிதாக ஓர் இசை நடத்துநர் வந்திருக்கிறான், பிரெண்டன் ஆல்கட் என்று பெயர், முப்பத்தாறு வயது, எதைச் சொன்னாலும் தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல முணுமுணுக்கிறான். எழுபது வருஷமாக இந்த நாட்டில் யாரும் மேடையேற்றாத ஒரு வேடிக்கை ஆப்பரெட்டா நாடகத்தை எங்கிருந்தோ தோண்டி எடுத்து வந்திருக்கிறான். 'மேயரின் பொய்முடி'யாம். இளவரசர் ஊருக்கு வரும் நாளில் மேயரின் பொய்முடி காணாமல் போகிறது, மூன்று அங்கமும் ஊரே தேடுகிறது, கடைசியில் அது பிஷப்பின் தலையில் இருக்கிறது, இதற்கு எட்டு மாதத் தயாரிப்பு. நீயே சொல், வழக்கமாக நாங்கள் போடும் பத்துப் பன்னிரண்டு நாடகங்களில் என்ன குறை? இருபத்தாறு வருஷமாக வயோலா வாத்தியத்தில் முதல் நாற்காலி என்னுடையது, அவையெல்லாம் எனக்கு மனப்பாடம், எந்தப் பாடகி எங்கே மூச்சு விடுவாள் என்பதுவரை தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றைத் தேடிப் பிடித்து வந்ததற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? இதில் பாட்டைவிடப் பேச்சு அதிகம், மேடையில் ஒருவர் வசனத்தைச் சொல்லி முடித்த கணம் மேடைக்குக் கீழே வாத்தியக் குழியில் நாங்கள் தொடங்க வேண்டும். இவர்களோ எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். அதிலும் மேயராக வரும் ரஸ், கார் விற்கிறானே அவன்தான், கடையில் அவ்வளவு சத்தம் போடுகிறவன் மேடை ஏறினால் ரகசியம் பேசுகிறான். முதல் ஒத்திகையில் மூன்று இடத்தில் நான் பிந்தித் தொடங்கினேன், ஆல்கட் திட்டாமல் சிரித்துவிட்டுப் போனான். திட்டுகிறவனை நம்பலாம், ஒன்றும் சொல்லாமல் சிரிக்கிறவனை நான் நம்ப மாட்டேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து என் இசைத்தாளில் பென்சில் குறிகள் முளைக்க ஆரம்பித்தன. இரண்டு பேருக்கு ஒரு தாள், வெளிப்பக்கம் முதல் நாற்காலியில் நான், உள்பக்கம் உட்கார்ந்து பக்கம் புரட்டுகிறவள் ஜோலீன், உயர்நிலைப் பள்ளியில் இசை சொல்லித்தருகிறாளே, அவள்தான். பென்சிலும் அவள் கையில்தான் இருக்கும், அது வழக்கம். ஆனால் ஒவ்வொரு ஒத்திகைக்கும் போகும்போது புதிதாக நாலு குறி. முதலில் மூக்குக்கண்ணாடிப் படம். 'தலையைத் தூக்கி நடத்துநரைப் பார்' என்று குழந்தைகளுக்குப் போடுவது, பள்ளியில் நீ செல்லோ வாசித்தபோது உன் தாள் முழுக்க அதுதான் இருக்கும். எனக்குப் போய்க் கண்ணாடி! முதல் அங்கத்தில் மட்டும் பத்தொன்பது, நான் எண்ணினேன். நான் எங்கெங்கே பிந்துகிறேன் என்று ஜோலீன் கணக்கெடுத்து வைக்கிறாள், சீசன் முடிந்ததும் அந்தத் தாளைக் கொண்டுபோய் ஆல்கட்டிடம் காட்டுவாள், என் நாற்காலி அவளுக்கு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி தெரியும். வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம், சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் குழி வாத்தியக்காரர்களின் விருந்து, ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும், யார் என்ன கொண்டுவருவது என்று அவரவர் கையால் எழுதிய தாள் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. நாளைக்கு அதை எடுத்து வந்து கையெழுத்தை ஒத்துப் பார்க்கப்போகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை

நேற்றுக் காலையே எடுத்து வந்தேன். பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லி வயோலாத் தாளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மார்லிஸ், அது ஒரு கை இல்லை, நாலு கை. கண்ணாடிகளும் பாதிக் குறிகளும் ஜோலீனுடையவை, விருந்துத் தாளில் பீன்ஸ் என்று எழுதிய அதே உருண்டை எழுத்து. 'நான் தோளைத் தூக்கினதும் மூணு எண்ணுங்க' என்று கோணலாக எழுதியது நம் பல் மருத்துவர் ஹார்வி, அவர்தான் கிளாரினெட். 'முரசுக் குச்சி மேல போனா தயாரா இருங்க' என்பது முரசு வாசிக்கும் அஞ்சலகத்து பெத். இரண்டாம் அங்கத்தில் 'பொய்முடி கீழ விழுந்ததும் நீங்க, என் இடது கையைப் பாருங்க' என்று நீலப் பென்சிலில் இருந்தது, அந்தக் குழியில் நீலப் பென்சில் வைத்திருக்கிறவன் ஆல்கட் ஒருவன்தான், விருந்துத் தாளிலும் 'ரொட்டி' என்று நீலத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

அப்பாவைக் கூப்பிட்டு, நாலு பேர் சேர்ந்து என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று காட்டினேன். அவர் நிதானமாக எல்லாவற்றையும் படித்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து என் முகத்துக்கு நேரே நின்றார், இப்போதெல்லாம் எதைச் சொல்வதென்றாலும் அப்படித்தான் வந்து நிற்கிறார், ஏனென்று நான் யோசித்ததே இல்லை. "ஆர்டித், கவுக்கறவங்க இப்படி எழுத மாட்டாங்க. உனக்குக் காது கேக்கலைன்னு தெரிஞ்சவங்க எழுதினது இது. எனக்குத் தெரியும், ஹார்விக்குத் தெரியும், சர்ச்ல பாஸ்டருக்குத் தெரியும். உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியல" என்றார். எனக்கென்ன காது, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள் என்றேன். "நான் கத்திக்கிட்டு இருக்கேன்டி, பக்கத்து வீட்டு நாய் குரைக்குது பாரு" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாய் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

நேற்று மாலை ஒத்திகைக்கு முன் வாத்திய அறையில் ஜோலீனைப் பிடித்துக்கொண்டேன். இரக்கப்பட்டு எழுதினாயா என்று கேட்டேன். அவள் வயோலா வில்லுக்குப் பிசின் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இரக்கமெல்லாம் இல்ல ஆர்டித். நீங்க போனா அந்த நாற்காலி எனக்குத்தான் வரும், எனக்கு அது வேணும், வேணாம்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா வெரட்டி விட்டு எடுத்துக்கிட்டேன்னு ஊர்ல பேசக்கூடாது. நீங்களா எந்திரிச்சுக் குடுக்கணும்." ஆல்கட்டுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்றேன். "முதல் ஒத்திகையிலயே. வேற ஆளைப் போடலாமான்னு கம்பெனி கேட்டதுக்கு, கண்ணால வாசிக்கட்டும்னு அவன்தான் சொன்னான்." நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நன்றியால் அழுதேன் என்று நினைக்காதே, அவமானம் தாங்கவில்லை. இத்தனை நாள் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்று நினைத்தேனே, அது உண்மைதான், பேசித்தான் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை

முடிந்தது. வெள்ளி, சனி, நேற்று மதியம் என மூன்று ஆட்டமும் போட்டாயிற்று. நேற்று மூன்றாம் அங்கத்தில் ரஸ் தன் பாட்டில் ஒரு சரணத்தை அப்படியே விழுங்கிவிட்டான், எழுபது வருஷமாக யாரும் கேட்காத பாட்டு என்பதால் சபையில் ஒருவருக்கும் அது தெரியப்போவதில்லை, தெரிந்தவர்கள் குழியில் இருந்த இருபத்தொரு பேர்தான். மற்றவர்கள் கேட்டுத் தாவிவிட்டார்கள். எனக்கு எங்கே கேட்டது? ஆனால் ஜோலீனின் முழங்கால் என் முழங்காலில் இடித்தது, அவள் வில் நுனி தாளில் புதிய இடத்தைக் குத்திக் காட்டியது, ஹார்வி மூட்டை தூக்குகிறவரைப்போலத் தோளைக் காதுவரை ஏற்றினார், ஆல்கட் தன் பாடகர்களை விட்டுவிட்டு இடது கை முழுவதையும் என் பக்கம் நீட்டினான். அரைத் தாளம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். சபை சிரித்துக்கொண்டிருந்தது, ரஸ்ஸைப் பார்த்துத்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஆல்கட்டிடம் போய், அடுத்த சீசனில் நான் உள்பக்கம் உட்கார்கிறேன், வெளிப்பக்கம் ஜோலீனுக்கு என்று சொன்னேன். அவன் என்னவோ பொத்தானிடம் சொன்னான், தலையைத் தூக்கிச் சொல் என்றேன், தூக்கினான். "காதுக்கு ஏற்பாடு பண்ணிட்டு வாங்க, நாற்காலியைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றான். வருகிற பதினேழாம் தேதி காது பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், அப்பாதான் போன் செய்து வாங்கினார்.

இன்று காலை தாளை அழிக்க உட்கார்ந்தேன். வாடகைத் தாள், ஒரு குறி இல்லாமல் அழித்துத்தான் நியூயார்க்குக்குத் திருப்ப வேண்டும், எப்போதும் நான்தான் அழிப்பேன். மேசை முழுக்க ரப்பர் தூள். ஒவ்வொரு கண்ணாடியாக அழித்துக்கொண்டு வரும்போது ஒன்று தோன்றியது, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் இழுப்பறையிலிருந்து உன் கடிதங்களை எடுத்தேன். முதல் கடிதத்தில் செப்டம்பர் பதினைந்து, திங்கட்கிழமை என்று தேதி போட்டிருக்கிறாய். நாம் கடைசியாகப் போனில் பேசியது அதற்கு முந்தின நாள். அன்றைக்கு லைனில் இரைச்சலாக இருந்தது, நீ என்னவோ சொன்னாய், இரண்டு தடவை சொன்னாய், நான் "நல்லது கண்ணு, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, அப்பா மூன்று கூடை ஆப்பிள் பறித்து வந்திருக்கிறார், பை சுடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். நீ கடைசிவரை கேட்டாய். பிறகு வைத்துவிட்டாய். மறுநாள் உட்கார்ந்து அதையே முதல்தடவை சொல்வதுபோல மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், எழுத்து ஒவ்வொன்றும் இத்தனை பெரிதாக, என் பேரில் ஒரு குறைகூட இல்லாமல். நீ என்னிடம் போனில் சொன்னாய், இல்லையா? கரு கலைந்துவிட்டது என்று நீ அழுதுகொண்டு சொன்னதற்குத்தான் உன் அம்மா ரொம்ப சந்தோஷம் என்றாளா? அதற்குப் பிறகு ஆறு மாதமாக என்னைக் காப்பாற்றிக்கொண்டு நீ கடிதமாக எழுதுகிறாய், நான் ஓவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் பக்கத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், வேண்டாம், இருக்கட்டும், நான் எப்படிப்பட்டவள் என்பது உனக்குத் தெரியாததா? ஓவனிடம் அதைக் காட்டாதே. உன் கடிதங்களை அழிக்க மாட்டேன், யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நீயும் அவனும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நீ இழந்தது உனக்கு இன்னொரு ரூபத்தில் வர வேண்டும், வராவிட்டாலும் நீ நிறைவாக இருக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன். பதினேழாம் தேதிக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நானே போன் செய்கிறேன், மறக்காமல் வீட்டில் இரு. செப்டம்பரில் சொன்னதை நீ எனக்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும். இந்த முறை நான் ஆப்பிளைப் பற்றிப் பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஆர்டித்