காக்கா தொடாத இலை

தங்கச்சிக்கு,

அம்மாவுக்கு முதல் வருஷத் திதி நேற்று முடிந்தது. நீ வரவில்லை என்று குறை சொல்லவில்லை. நான் கூப்பிடவே இல்லையே.

போன வாரம் வாசல் வேம்பில் இருந்த காக்கைக் கூட்டைக் கம்பால் தள்ளிவிட்டேன். புதுக் கார் முழுக்க எச்சம். கூட்டில் குஞ்சு இருந்தது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து வெளியே தலை காட்டினால் கொத்த வருகின்றன. ஹெல்மெட் போட்டால் மட்டும் சும்மா இருக்கின்றன. ஆள் தெரியாது போல.

நேற்று ஆற்றில் முழுகிவிட்டு வந்து, மொட்டைமாடியில் இலை போட்டுச் சோறு வைத்துக் கூப்பிட்டேன். என் தலையைச் சுற்றிக் கத்தினவே தவிர, ஒன்றுகூட இலைக்கு வரவில்லை. காக்கா எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. உன் மதினி பசியோடு கீழே காத்திருந்தாள். பக்கத்து மாடியில் நின்ற அண்ணாச்சி, "பெத்தவ மனசு இன்னும் ஆறல போலுக்கு வே" என்றார்.

கூட்டைக் கலைத்த கதையை அவரிடம் சொல்லியிருக்கலாம். படுக்கையில் விழுந்த அம்மாவை வேன் பிடித்து முக்கூடலுக்கு, உன் வீட்டுக்கு அனுப்பினேனே, அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது. "ஏலே, ஒரு மூலையில இங்கனயே கெடக்கேம்லே" என்றாள்.

கீழே போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கா பைய இறங்கி, பருப்புச் சோற்றைக் கொத்தித் தின்றது.

அம்மா சாப்பிட்டுவிட்டாள், தங்கச்சி. வைத்தது யாரென்று தெரியாமல்.

உன் அண்ணன்