பாழ்கிணற்றுக்குள் போட்டவை

இல்லை, இன்னும் போகவில்லை. மூன்று தரம் தோய்த்தும் உங்கள் சாரத்தில் கோழிக்கூட்டு நெடி இருக்கிறது, அண்ணை. நீங்கள் செத்து, முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிந்து ஒரு கிழமை.

புத்தூரில் புகையிலையை விட்டுவிட்டு முந்நூறு கோழிகளைக் கம்பிக்கூடுகளில் அடைத்தீர்கள். ஒரு கூட்டில் மூன்று. சிறகு விரிக்க இடமில்லை. ஒன்றையொன்று கொத்தாமலிருக்கச் சொண்டு நுனியைச் சூட்டுக் கத்தியால் வெட்டினீர்கள். பிடித்துத் தந்தது நான். என் விரல்களுக்குள் கோழியின் நெஞ்சு அடித்தது.

"நோகாதோ அண்ணை?"

"கம்பஸுக்குப் போய்க் கோழிக்கு வழக்குப் பேசுற அப்புக்காத்தாய் வந்திட்டாய்."

சிரித்தேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

எச்சமும் செத்த கோழிகளும் தோட்ட மூலையிலிருந்த பாழ்கிணற்றுக்குள் போயின. நல்ல கிணறு நூறடி தள்ளி. அந்த வருடம்தான் திருநெல்வேலிக் கம்பஸில், ஒரு விரிவுரையில் கேட்டேன்: எங்கள் காலடியில் சுண்ணாம்புக்கல், முழுக்கத் துளை. ஒரு கிணற்றில் விழுவது அடுத்ததில் ஊறும். உங்களுக்குச் சோறு போடும்போது சொன்னேன்.

"தண்ணி பளிங்கு மாதிரிக் கிடக்கு. உங்கடை மாஸ்டரைக் கூட்டி வந்து குடிக்கச் சொல்லு."

பிறகு நான் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. என் படிப்பும் அந்த முட்டைகளில்தான் ஓடியது.

அந்த நல்ல கிணறு பங்குக் கிணறு. பக்கத்து வீட்டு இராசாத்தி அக்காவும் அதில்தான் அள்ளுகிறார். அவருக்கு மூன்று மாதக் குழந்தை, இந்தத் தண்ணீரில் கரைக்கும் புட்டிப்பால். முந்தநாள் கேட்டார்: "தண்ணியிலை ஒரு மணம் பிள்ளை. உனக்குத் தெரியேல்லையோ?"

"மழைத்தண்ணி ஊறினதாக்கும்" என்றேன்.

அதிலிருந்து, குழந்தை அழும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டுக் கேட்கிறேன். அழுகை நின்றால் இன்னும் பயம்.

அம்மாவிடம் சொன்னேன். "போனவன்ரை பேரைக் கெடுக்காதை" என்றார். உங்கள் பெயர் வராமல் சொல்ல வழி தேடினேன். கிடைக்கவில்லை. என் பெயரையும் பக்கத்தில் வைத்தால்தான் வாய் வருகிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: தெரிந்துகொண்டே பேசாமலிருந்தது.

இன்று காலை அக்கா வாளியோடு வந்தபோது கயிற்றைப் பிடித்தேன்.

"அக்கா, குழந்தைக்கு உந்தத் தண்ணி வேண்டாம். அண்ணை கோழிக் கழிவைப் பாழ்கிணத்துக்குள்ளை போட்டவர். அது இஞ்சை ஊறும். எனக்கு முந்தியே தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"இரண்டு வருசம்."

அவர் என்னை ஏசவில்லை. வெறும் வாளியோடு திரும்பிப் போனார்.

நான் இரண்டு குடங்களோடு, தூரத்திலிருக்கும் கோயிலடிக் கிணற்றுக்கு நடந்தேன். முதல் குடத்தை அக்காவின் வாசலில் வைத்தேன்.