மலைமேல் மீன் முள்

கார்த்திகை 12, இரவு.

தொல்லியல் படித்த மகள் செல்வி தென் அமெரிக்க மலைக்குப் போக வேண்டாம் என்பதற்கு என் காரணங்கள்:

1. அந்த உயரத்தில் மூச்சு முட்டும்.
2. எங்கள் கோட்டைக்குப்பம் போலில்லை, கடலுக்கு வெகுதூரம். அங்கே மீன் என்று எதுவும் இருக்காது.
3. ஆறு மாதம்.

அங்கே இன்கா மக்களின் பழைய ஊர் ஒன்றைத் தோண்டுகிறார்கள். அவள் நாளைக்குள் பதில் எழுத வேண்டும்; என் சம்மதத்துக்குக் காத்திருக்கிறாள். சாப்பிடும்போது பட்டியலைப் படித்தேன். இரண்டாவதில் சிரித்துவிட்டாள்.

"நைனா, என்னை இன்னாத்துக்குக் கூப்பிடுறாங்கனு நினைச்ச?" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அந்தப் பழைய ஊரின் குப்பைக்குழியில் கிடைத்த மீன் முட்கள். "எல்லாம் கடல் மீனு. அந்தக் காலத்துலயே கீழேர்ந்து தூக்கினு போயிருக்காங்க. எந்த மீனுனு பாத்துச் சொல்ல ஆள் வேணுமாம்."

என் மனைவி மடவை மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினாள். "கோட்டைக்குப்பத்துப் பொண்ணுக்கு முள்ளு பாக்கத் தெரியாதா? அனுப்புய்யா."

மலையில் மெதுவாக ஏறுவேன் என்கிறாள் செல்வி. மூன்றாவது அப்படியே இருக்கிறது. ஆனாலும் "போய்ட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது காரணம் தவறு. என் மகளுக்கு முன்னாலேயே மீன் அங்கே ஏறிப் போயிருக்கிறது.