மார்த்தானுக்குக் காட்டிய கடல்

மொன்றியல்
19.09.2004

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் வற்றியதா?

சமையலறையில் என்னோடு வேலை செய்யும் மார்த்தான், போன கிழமை தன்னுடைய பழைய வான் வண்டியில் என்னை வடக்குக் கரைக்குக் கூட்டிப்போனான். பலகையில் ஏறி அலையில் சறுக்குவதென்றால் அவனுக்குப் பைத்தியம். கடல்தொழில் செய்தவரின் மகன் என்பதால் நல்ல கடலை நான்தான் காட்டவேண்டுமாம். இரண்டு நாளாக வீடுவாசல் இல்லாத கரை நெடுகப் போனோம். நானும் அடங்கிக் கிடக்கும் கடலாகப் பார்த்துப் பார்த்துக் காட்டினேன். அவன் தலையை ஆட்டிவிட்டு வானை எடுத்தான். பிறகுதான் விளங்கியது, அவன் தேடுவது, அலை பெரிதென்று நாங்கள் வள்ளத்தைக் கரையில் இழுத்துவைக்கும் கடலை.

மூன்றாம் நாள் அப்படி ஒன்றைக் காட்டினேன். சிரித்துக்கொண்டு இறங்கினான். ஓர் அலைக்குப் பின்னால் மறைந்தவனைக் கனநேரம் காணவில்லை. சப்பாத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினேன். பயப்படாதீர்கள், அவனுக்கு ஒன்றுமில்லை. கரைக்கு வந்து, உனக்கு என்ன நடந்தது என்று என்னைக் கேட்கிறான்!

"உனக்கென்ன விசரோ? கரையில நிக்கிற ஆக்களை ஒருக்கா நினைச்சியா?"

கடலுக்குப் போன அப்பா அன்றைக்குத் திரும்பி வந்திருந்தால் நீங்கள் ஏசியிருக்கக்கூடியதை எல்லாம் தமிழிலேயே அவனுக்கு ஏசினேன். பாவம், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் சளி பிடித்திருக்கிறது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இடித்து அனுப்புங்கள். இங்கே வாங்குவதில் அந்த வாசம் இல்லை.

வேலைக்கு நேரமாகிறது. தம்பி கடலுக்குப் போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை அவன் கையாலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மகன்
றொசான்